பெட்டகத் திறப்பு யார் கையில்?

கடைக் கம்பியூட்டரை உபுண்டு லினக்ஸுக்கு மாற்றிய புதிதில், அடிக்கடி பாஸ்வேர்ட் கேட்கிறதே என்று கணக்கெழுதும் தம்பி அலுத்துக்கொண்டார். "ரூட்டுக்குப் பாஸ்வேர்ட் போட்டு அதிலேயே வேலை செய்யுங்க" என்றேன். பிழை என்னுடையதுதான். ஒருநாள் அழிக்கும் கட்டளையில் ஓர் இடைவெளி கூடிப்போனது. சாதாரண பயனராக இருந்திருந்தால் அவரது கோப்புகளோடு நின்றிருக்கும். ரூட் அல்லவா, என் ஸ்டொக் கணக்கும் போனது. பில் புத்தகங்களைப் பார்த்து மூன்று இரவுகள் திரும்ப எழுதினோம்.

2004இல் வெளிவந்த நாள்முதல் உபுண்டு, ரூட் கணக்கைப் பூட்டியே தருகிறது. தேவையான வேலைக்கு மட்டும் 'சுடோ' என்று முன்னால் அடித்து, நமது சொந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்தால் போதும். வழமையாக 15 நிமிடங்களுக்கு மீண்டும் கேட்காது. (அந்த நேரத்தில் தேநீருக்கு எழுந்து போகாதீர்கள்.)

வியாபாரிக்குப் பிடித்த விடயம், யார் எப்போது எந்தக் கட்டளை கொடுத்தார் என்று பதிவாவது. எல்லோரும் ரூட்டாக நுழைந்தால் வேலை செய்த ஆளின் பெயர் அதில் இராது. ஆனால் சுடோ உரிமை உள்ளவர் அந்தப் பதிவையே அழிக்கவும் முடியும். ஆகவே ஆள் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

நீண்ட வேலையென்றால் 'சுடோ -ஐ' அடித்து ரூட்டாகலாம், முடிந்ததும் 'எக்ஸிட்'. ஏற்கெனவே ரூட்டுக்குப் பாஸ்வேர்ட் போட்டவர்கள் அதை மறுபடி பூட்டிவிடலாம்.

எங்கள் கடையில் இப்போது சுடோ உரிமை எனக்கும் மகனுக்கும் மட்டும். தம்பி இன்னும் முணுமுணுக்கிறார்.