பழங்குழலில் புதுமூச்சு

நுழையும்முன்

மூச்சை இசையாக்கும் கருவிகள் தொன்றுதொட்டுத் தமிழர் வாழ்வில் இடம்பெற்றுள்ளன. ஐரோப்பாவில் தோன்றி, பேண்டு வாத்தியக் குழுக்களின் வழியே உலகெங்கும் பரவிய டியூபாவும் அவ்வகையினதே. பழைய டியூபா ஒன்றைத் தேர்ந்து வாங்கும் முறையையும் இசைக்கும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

சங்கும் டியூபாவும்

பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஊர்களுள் ஒன்று சுண்ணாம்புக்குளம். இக்கரையோர மீனவச் சிற்றூர்களில் சங்கை அறியாதார் இலர். சங்கின் நுனியை அறுத்துத் துளையாக்கி, அதில் இதழ்களைப் பொருத்தி ஊதினால் இதழ்கள் அதிர்கின்றன. அவ்வதிர்வு உட்சுருளிலுள்ள காற்றை ஒலிக்கச் செய்கிறது. டியூபா ஒலிப்பதும் இந்நெறியிலேதான். சங்கு இயற்கை சுருட்டிய குழல். டியூபா மனிதன் சுருட்டிய பித்தளைக் குழல். பெரிய டியூபாவின் சுருள்களை நிமிர்த்தினால் ஏறத்தாழ 18 அடி நீளும். குழல் நீள நீள ஒலி தாழும். ஆதலின், பித்தளைக் குழற்கருவிகளுள் மிகத் தாழ்ந்த ஒலி டியூபாவிற்கு வாய்த்தது. யானை பெருமூச்சு விடுவதுபோல் ஒலிக்கும் தூம்பு ஒன்றை மலைபடுகடாம் குறிப்பிடுவது இங்கு நினைக்கத்தக்கது.

தெரிந்து தெளிவோம்

1835ஆம் ஆண்டு செப்டம்பர் 12இல் வில்ஹெல்ம் வீப்ரெக்ட், யோகான் மோரிட்ஸ் ஆகிய இருவரும் பெர்லினில் டியூபாவிற்குக் காப்புரிமை பெற்றனர். அதே ஆண்டில்தான் முத்துசுவாமி தீட்சிதர் மறைந்தார். இளமையில் மணலியில் வாழ்ந்த அவர், சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு இசையைக் கேட்டார் என்பர். அம்மெட்டுகளைத் தழுவி அவர் இயற்றியவை ‘நோட்டுச்சுர சாகித்தியங்கள்’ எனப்படுகின்றன. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசியும் அரண்மனையில் மேலையிசைக் குழுவைப் போற்றினார். டியூபா பிறக்கும் முன்பே பேண்டு இசை தமிழ்ச் செவிகளை எட்டிவிட்டது.

எடையா, இசையா?

புதிய டியூபாவின் விலை மிகுதி. சிறுகச் சிறுகப் பணம் சேர்க்கும் ஓர் ஊர்க்குழு பழைய கருவியை நாடுவது இயல்பு. ஆனால், பழைய டியூபாவிற்கு இருவகை இடர்கள் உண்டு. அறியாதார் கையில் அது காயலான் கடைக்குச் சென்று, வெறும் பித்தளையாக எடைபோடப்பட்டு உருக்கப்படலாம். அல்லது, மெருகிட்ட மேனியைக் கண்டு மயங்கி, ஒலிக்காத கருவிக்குச் சேமிப்பு முழுவதையும் கொடுத்துவிட நேரலாம். இவ்விரண்டையும் தடுப்பது தேர்ந்தறியும் திறனே.

வாங்கும் முன் நோக்க வேண்டியவை

முதலில் காற்றுக்கசிவை ஆராய வேண்டும். வால்வை அழுத்தாமல் அதனோடு இணைந்த இழுகுழலை வெளியே இழுத்தபின், வால்வை அழுத்தினால் ‘டப்’ என்னும் ஓசை எழ வேண்டும். ஓசை எழாவிடின் காற்று எங்கோ கசிகிறது என்பது பொருள். தேய்ந்த வால்வைச் செப்பனிடுவது பெருஞ்செலவு.

அடுத்து, இழுகுழல்கள் எளிதில் நகர்கின்றனவா எனப் பார்க்க வேண்டும். இறுகிய குழலை முரட்டுத்தனமாக இழுத்தால் பற்றுவைத்த இணைப்பு பிரியும்.

மூன்றாவதாக, பித்தளையின் நிறத்தை உற்றுநோக்க வேண்டும். பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்தது. துத்தநாகம் அரிக்கப்பட்ட இடத்தில் செந்நிறப் புள்ளிகள் தோன்றும். சிறு ஒடுக்குகளை எடுத்துவிடலாம். உள்ளிருந்து அரித்த குழலை மாற்றியே தீரவேண்டும்.

இறுதியாக, சுருதியைச் சோதிக்க வேண்டும். இசைக்கருவிகளின் சுருதிக்கு நொடிக்கு 440 அதிர்வு என்னும் அளவை 1939இல் இலண்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு பரிந்துரைத்தது. பிரித்தானியப் பேண்டுகள் பலவற்றில் முற்காலத்தில் ஏறத்தாழ 452 அதிர்வுகள் கொண்ட உயர்சுருதி வழங்கியது. அக்காலக் கருவி இன்றைய கீபோர்டுடன் இணையாமல் போகலாம். தலைமை இழுகுழலை வெளியே நகர்த்திச் சுருதி தாழ்கிறதா என வாங்குமிடத்திலேயே அறிந்துகொள்ளுதல் நன்று.

இசைக்கும் முறை

நிமிர்ந்து அமர்ந்து, வயிறு விரியுமாறு மூச்சை உள்ளிழுக்க வேண்டும். ‘ம்’ என ஒலிப்பதுபோல் இதழ்களைச் சேர்த்து, கன்னம் உப்பாமல் ஊத வேண்டும். இரண்டாம் வால்வு அரைச்சுரமும், முதல் வால்வு ஒரு முழுச்சுரமும், மூன்றாம் வால்வு ஒன்றரைச் சுரமும் ஒலியைத் தாழ்த்தும். வால்வுகளின் சேர்க்கையும் இதழ்களின் இறுக்கமும் கூடியே மற்றச் சுரங்கள் பிறக்கின்றன. தொடக்கத்தில் ஒரே சுரத்தை நடுக்கமின்றி நீட்டிப் பழகுவதே சிறந்த பயிற்சி. தலை சுற்றினால் உடனே நிறுத்தி இளைப்பாற வேண்டும்.

உப்புக்காற்றும் காப்பும்

ஏரிக்கரையின் உப்புக்காற்று உலோகத்தின் பகை. இசைத்து முடித்ததும் குழலில் தேங்கிய நீரை வடித்து, மேனியை மென்துணியால் துடைத்து, வால்வுகளுக்கு உரிய எண்ணெயிட்டு உறையில் வைக்க வேண்டும். குத்துவிளக்கை விளக்குவதுபோல் புளியிட்டுத் தேய்த்தல் ஆகாது, மேற்பூச்சு கீறுபடும், இடுக்குகளில் தங்கும் புளிப்பு உலோகத்தை அரிக்கும்.

பேண்டு இசையில் மெட்டை எடுத்துச் செல்பவை பிற கருவிகள். அவற்றைத் தாங்கி நிற்பது டியூபா. அது மௌனமானபின்தான் பலரும் அதன் இடத்தை உணர்வர். தேர்ந்து வாங்கிப் பேணினால், ஒரு தலைமுறை ஊதி வைத்த குழலில் அடுத்த தலைமுறையின் மூச்சும் இசையாகும்.