வளைகாப்புக்கு ராஜா-ராணி குக்கீ: 18,000 ரூபாயா, 2,800 ரூபாயா? கணக்கு போட்டுப் பார்க்கலாம் வாங்க



கல்யாண பட்ஜெட் பத்தி நம்ம சேனல்ல நிறையப் பேசியாச்சு. அதைவிடச் சின்ன விசேஷம், ஆனா சத்தமே இல்லாம பர்ஸைக் காலி பண்ற விசேஷம் ஒண்ணு இருக்கு. அதுதான் வளைகாப்பு. வளையல், புடவை, கலவை சாதம், மண்டபம், போட்டோகிராபர்னு இருந்த லிஸ்ட்டுல இப்போ புதுசா சேர்ந்திருக்கு கதை தீம் குக்கீ. கோட்டை, கிரீடம், இளவரசி, யூனிகார்ன்னு கலர் கலரா ஐசிங் போட்ட பிஸ்கட். தாம்பூலப் பையில வெற்றிலை பாக்கு, வளையலோட இதுவும் ஒண்ணு வெச்சுக் கொடுக்குறாங்க. பார்க்க அழகாத்தான் இருக்கு.

அதனால வேண்டவே வேண்டாம்னு நான் சொல்லப் போறதில்லை. இந்தக் குக்கீயோட விலை எதுல ஏறுது, எங்க குறைக்கலாம், குறைச்ச காசு எங்க போகணும்னு மட்டும் பார்ப்போம்.

ஒரு உதாரணக் கணக்கு

ஒருத்தர் சென்னையில வேலை பார்க்குறார். கைக்கு வர்ற சம்பளம் மாசம் 30,000 ரூபாய். சொந்த ஊர் அரியலூர் மாவட்டம் மீன்சுருட்டி. மனைவிக்கு 7-ம் மாசம், வளைகாப்பு ஊர்லதான். சொந்தக்காரங்க, தெருக்காரங்க, மனைவியோட அம்மா வீட்டு ஆளுங்கன்னு 150 பேர் வருவாங்க. ஐந்து கலர்ல டிசைன் போட்ட குக்கீ ஒண்ணு 120 ரூபாய்னு வெச்சுக்குவோம். (விலை ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். இங்க வர்ற விலையெல்லாம் கணக்கு புரியறதுக்காக எடுத்துக்கிட்டது. உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே மாத்திக்கலாம்.)

150 × 120 = 18,000 ரூபாய். அதாவது சம்பளத்துல 60 சதவீதம், பிஸ்கட்டுக்கு மட்டும். இதை கிரெடிட் கார்டுல தேய்ச்சுட்டு மினிமம் டியூ மட்டும் கட்டினா, மாசம் 3.5% வட்டின்னு வெச்சாலே முதல் மாசத்துல 600 ரூபாய் பக்கம் வட்டி ஓடும்.

ஒரு குக்கீ ஏன் 120 ரூபாய்?

மாவும் வெண்ணெயும் அவ்வளவு விலையான்னு கேட்காதீங்க. 60 குக்கீக்கு வீட்டுல ஆகுற பொருள் செலவு இது:

- மைதா 800 கிராம்: 50
- உப்பில்லாத வெண்ணெய் 450 கிராம்: 280
- ஐசிங் சுகர் 1¼ கிலோ: 150
- ஐசிங் கெட்டியாக மெரிங்கு பவுடர்: 120
- ஜெல் கலர் 3 பாட்டில்: 200
- கட்டர் 4: 400
- கவர், ரிப்பன்: 180
- வெனிலா, பால் மாதிரி சில்லறை: 60
- கரண்ட் சுமார் 3 யூனிட்: 30

மொத்தம் 1,470 ரூபாய். ஒரு குக்கீக்கு சுமார் 25 ரூபாய்.

மீதி எல்லாம் கை வேலை. ஐந்து கலர் டிசைன்னா ஒரு குக்கீக்கு 20 நிமிஷம் ஆகும். மாசம் 26 நாள், தினம் 8 மணி நேரம் வேலைன்னு எடுத்தா, 30,000 சம்பளக்காரரோட ஒரு மணி நேரம் சுமார் 144 ரூபாய். 20 நிமிஷத்துக்கு 48. பொருளோட சேர்த்து 73 ஆச்சு. உடைஞ்சது, நிறம் கலங்கிப் போனது, பேக்கிங் நேரம், ஓவன் தேய்மானம், கொஞ்சம் லாபம் எல்லாம் சேர்த்தா 120 நியாயமான விலைதான். அதனால ஜெயங்கொண்டத்துலயோ கும்பகோணத்துலயோ வீட்டுல இருந்து ஆர்டர் எடுக்குற அக்காகிட்ட, "என்னக்கா, பிஸ்கட்டுக்கு 120-ஆ?"ன்னு பேரம் பேசாதீங்க. எண்ணிக்கையைக் குறைங்க, டிசைனை எளிமையாக்குங்க. விலை தானா குறையும்.

மூணு பிளான்

பிளான் 1: ஆளுக்கு ஒண்ணு. 150 × 120 = 18,000.

பிளான் 2: குடும்பத்துக்கு ஒண்ணு. 150 பேர்னா சுமார் 50 குடும்பம். தாம்பூலப் பை எப்படியும் குடும்பத்துக்கு ஒண்ணுதானே கொடுக்குறோம்? 50 × 120 = 6,000.

பிளான் 3: தட்டுக்கு மட்டும். வளைகாப்புல போட்டோ எடுக்குறது பொண்ணு முன்னாடி அடுக்கி வெச்சிருக்கிற தட்டுகளைத்தான். அந்த வரிசையில ஒரு தட்டுக்கு 15 டிசைன் குக்கீ போதும். 15 × 120 = 1,800. பையில வைக்க உள்ளூர் பேக்கரி முந்திரி பிஸ்கட், பாக்கெட் 20 ரூபாய் வீதம் 50 பாக்கெட், 1,000. மொத்தம் 2,800. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கமெல்லாம் முந்திரி விளையுற பூமி. நம்ம மண்ணுல விளைஞ்சதைக் கொடுக்குறதுல ஒரு மரியாதையும் இருக்கு. இன்னொரு விஷயம்: 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், கேக் வகைகளுக்கு ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்கு. பில்லைப் பார்த்து வாங்குங்க.

பிளான் 1-க்கும் பிளான் 3-க்கும் வித்தியாசம் 15,200 ரூபாய். இந்த நம்பரை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில வேலை இருக்கு.

வீட்டுலயே செய்யலாமா?

ஓவன் ஏற்கெனவே இருந்தா செய்யலாம். இதுக்காக 6,000 ரூபாய்க்குப் புது ஓ.டி.ஜி. வாங்கினா, 60 குக்கீல ஒவ்வொண்ணுக்கும் 100 ரூபாய் கூடிடும். அப்போ ஆர்டர் கொடுக்குறதே லாபம்.

கதையைத் தேர்ந்தெடுக்கும்போதே செலவும் முடிவாகிடும். சின்ட்ரெல்லா, மெர்மெய்ட்னு போனா முகம், கண்ணு, முடி வரையணும். அது பழகின கைக்குத்தான் வரும். நம்ம பாட்டி சொன்ன கதையை எடுங்க: ஏழு கடல் ஏழு மலை தாண்டி, ஒரு கிளிக்குள்ள மந்திரவாதி உயிரை ஒளிச்சு வெச்சிருக்கிற ராஜா-ராணி கதை. அதுக்கு கிளி, மீன், கிரீடம், வட்ட நிலா, இந்த நாலு வடிவம் போதும். வட்டத்தை டம்ளர் விளிம்பாலயே வெட்டலாம், அதனால ஒரு கட்டர் காசும் மிச்சம். பச்சை, மஞ்சள், வெள்ளை, மூணே கலர். ஊர் பேர்லயே மீன் இருக்கிற மீன்சுருட்டிக்கு மீன் குக்கீ பொருத்தமா இருக்கும்ல?

செய்முறை சுருக்கமா (30 குக்கீ அளவு):

1. வெண்ணெய் 225 கிராம், ஐசிங் சுகர் 175 கிராம் சேர்த்துக் குழைங்க. பால் 3 டேபிள்ஸ்பூன், வெனிலா, ஒரு சிட்டிகை உப்பு, மைதா 400 கிராம் சேர்த்துப் பிசைங்க.
2. அரை சென்டிமீட்டர் கனத்துல தேய்ச்சு, வெட்டி, ட்ரேயோட 30 நிமிஷம் ஃபிரிட்ஜ்ல வைங்க. நம்ம ஊர் வெயில்ல வெண்ணெய் இளகிடும், இதை விட்டா கிளி வாத்து ஆகிடும்.
3. 170 டிகிரியில 11 முதல் 13 நிமிஷம். ஓரம் லேசா பொன்னிறமானா எடுத்துடுங்க. முழுசா ஆறினப்புறம்தான் ஐசிங்.
4. ஐசிங் சுகர் 450 கிராம், மெரிங்கு பவுடர் 3 டேபிள்ஸ்பூன், தண்ணி 5 முதல் 6 டேபிள்ஸ்பூன் சேர்த்து அடிங்க. பேஸ்ட் மாதிரி கெட்டியா இருக்கிறது ஓரக்கோடு போட. இன்னும் சில சொட்டு தண்ணி விட்டு, கத்தியால கோடு கிழிச்சா 10-15 விநாடியில மூடுற பதம் வந்தா உள்ளே நிரப்ப.
5. நிரப்பினப்புறம் ஒரு ராத்திரி ஃபேனுக்கு அடியில காயட்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம்னா இன்னும் நேரம் எடுக்கும். காயறதுக்குள்ள மேல கோடு போட்டா கலர் ஒண்ணோட ஒண்ணு இழுத்துக்கும்.

மூணு கலர்னா ஒரு குக்கீக்கு 8 நிமிஷம் வீதம் 60-க்கு 8 மணி நேரம். மாவு, பேக்கிங்குக்கு 4 மணி நேரம். மொத்தம் 12. ஐந்து கலர்னா 24 மணி நேரம். ஆபீஸ் போறவங்க முந்தின வாரக் கடைசியிலயே முடிச்சு, காத்துப் புகாத டப்பாவுல வெச்சுடுங்க, ஒரு வாரம் தாங்கும். சேத்தியாத்தோப்பு வழியா பஸ்ல கொண்டு வர்றதா இருந்தா, பத்துக்கு ஒண்ணு கூடுதலா செய்ங்க. உடையும்.

காசைவிட முக்கியமான மூணு எச்சரிக்கை

முதல்ல, ஐசிங்குக்குப் பச்சை முட்டை வெள்ளைக்கரு சேர்க்காதீங்க. சால்மொனெல்லா கிருமி ஆபத்து இருக்கு. சாப்பிடப் போறது கர்ப்பிணிப் பெண். ஆர்டர் கொடுக்குறப்பவும் இதைக் கேட்டுடுங்க.

ரெண்டாவது, மெரிங்கு பவுடர்ங்கிறது காய வெச்ச முட்டை வெள்ளைக்கருதான். முட்டை சாப்பிடாத பெரியவங்க வர்ற வீடுன்னா, ஐசிங் சுகரோட பாலும் லிக்விட் குளுக்கோஸும் கலந்த கிளேஸ் போடுங்க. கொஞ்சம் மெதுவா காயும், அவ்ளோதான்.

மூணாவது கலர். 2024 பிப்ரவரியில தமிழ்நாட்டுல பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது ஞாபகம் இருக்கா? ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்ததுதான் காரணம். பேர் இல்லாத பாக்கெட் கலர் வேண்டாம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் போட்ட உணவுக் கலர் மட்டும். வீட்டுல இருந்து விக்கிறவங்களுக்கும் இந்தப் பதிவு கட்டாயம். எண்ணைக் கேட்டு வாங்குறதுல தப்பே இல்லை.

கூடவே, பொண்ணுக்கு டாக்டர் சுகர் இருக்குன்னு சொல்லியிருந்தா, "ஒண்ணே ஒண்ணு சாப்பிடும்மா"ன்னு யாரும் வற்புறுத்த வேண்டாம்.

இப்போ அந்த 15,200

வளைகாப்பு முடிஞ்ச ரெண்டு, மூணு மாசத்துல பிரசவம். நம்ம உதாரணத்துல இருக்கிறவர் தனியார் கம்பெனி. பெண் ஊழியருக்கு முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட மகப்பேறு விடுப்பு சட்டத்துல இருக்கு. ஆனா தனியார் கம்பெனியில வேலை பார்க்குற அப்பாவுக்கு அப்படி ஒரு சட்ட உரிமை கிடையாது. கம்பெனி பாலிசி கொடுத்தாத்தான் உண்டு. இருக்கிற லீவு தீர்ந்தா சம்பளம் பிடிப்புதான். 30,000 சம்பளத்துல ஒரு நாள் பிடிப்பு 1,000 ரூபாய்.

அப்போ 15,200 ரூபாய்னா என்ன? 15 நாள். குழந்தை பிறந்ததும் சம்பளம் போயிடுமேன்னு பயப்படாம, பொண்டாட்டி, பிள்ளை பக்கத்துல இருக்கக்கூடிய 15 நாள். ராத்திரி குழந்தை அழுதா மாத்தி மாத்தித் தூக்க ஒரு ஆள், மனைவி தூங்க ரெண்டு மணி நேரம். 150 பேர் ஒரு கடியில முடிக்கிற ஐசிங்குக்கு பதிலா இது கிடைக்குது.

அந்தப் பணத்தைத் தனி அக்கவுன்ட்ல போட்டுட்டு, இதையும் இந்த வாரமே பாருங்க:

- ஆபீஸ் குரூப் இன்ஷூரன்ஸ்ல மகப்பேறு செலவு உச்சவரம்பு எவ்வளவு, குழந்தையை எத்தனை நாளுக்குள்ள சேர்க்கணும்னு ஹெச்.ஆர். கிட்ட கேளுங்க. தனியா எடுக்குற பாலிசியில மகப்பேறுக்குக் காத்திருப்புக் காலம் இருக்கும், இப்போ எடுத்தா இந்தப் பிரசவத்துக்கு உதவாது.
- மாசச் சம்பளம் 21,000-க்குள்ள இருந்து இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்கன்னா, பெண் ஊழியருக்கு மகப்பேறு காலப் பணம் அங்கிருந்து வரும்.
- கிராம சுகாதார செவிலியர்கிட்ட பதிவு பண்ணி பிக்மி எண் வாங்கியாச்சான்னு பாருங்க. பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேணும். தகுதி உள்ள குடும்பத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்துல 18,000 ரூபாய் மதிப்புக்கு உதவி கிடைக்குது, அதுல 14,000 ரொக்கம்.
- அங்கன்வாடிகள் மூலமா அரசே சமுதாய வளைகாப்பு நடத்துது. வளையல், புடவை, கலவை சாதம்னு முறையாவே செய்யறாங்க. வெட்கப்பட ஒண்ணுமில்லை.

குக்கீ வேணுமா வேணாமான்னு வீட்டுல பேச்சு வந்தா, அம்மாகிட்டயும் அத்தைகிட்டயும் "சிக்கனம்"னு ஆரம்பிக்காதீங்க, கோபம்தான் வரும். "தட்டுல 15 அழகா வெப்போம், மீதிக் காசுல நான் 15 நாள் லீவு போட்டுக் கூட இருக்கேன்"னு சொல்லிப் பாருங்க. மறுப்பு சொல்ல ஆள் இருக்க மாட்டாங்க.

உங்க வீட்டு வளைகாப்புல எத்தனை குடும்பம், எந்த பிளான் சரிப்படும்னு கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோவுல குழந்தை பிறந்த முதல் வருஷச் செலவு பட்ஜெட்டோட சந்திப்போம்.