கருனி காணாத எச்சம்

ஆயிரக்கணக்கான இணைப்புகளை ஒரே இழையில் ஆளும் வழங்கி, ஒவ்வோர் இணைப்பையும் முறைவைத்துச் சென்று பார்ப்பதில்லை. தரவு வந்த இணைப்பு எதுவென இயங்குதளத்தின் கருனியே அறிவிக்கும். அதுவரை நிரல் துயிலும். அறிவிப்பைப் பெறும் வழி தளந்தோறும் வேறு. லினக்சில் ஈபோல், ஃப்ரீபிஎஸ்டியிலும் மேக்கிலும் கேகியூ, 1983-இல் பெர்க்கிலி யுனிக்சில் தோன்றிய செலக்ட் ஏறத்தாழ எங்கும். நீல்ஸ் புரோவோஸ் தொடங்கிய லிப்ஈவென்ட் நூலகம் இவற்றை ஒரே முகப்பில் இணைத்தது.

முகப்பு ஒன்றானாலும் தளங்களின் இயல்பு மாறுவதில்லை. இணைப்பு முயற்சி தோற்றால் விண்டோசின் செலக்ட் அதனை விதிவிலக்குக் கணத்தில்தான் காட்டும். யுனிக்சில் பழகியோர் அங்கே நோக்குவது அரிது. இத்தகையவை ஒருமுறை அறிந்தால் தீர்பவை.

மறையாக்கம் தரும் தொல்லை அவ்வளவு எளிதன்று. டிஎல்எஸ் நெறிமுறையில் ஒரு பதிவு 16,384 பைட்டு வரை தரவைச் சுமக்கும். பதிவு முழுதும் வந்து, மெய்ம்மை சரிபார்க்கப்பட்ட பின்னரே அதன் முதற் பைட்டும் வெளிப்படும். நிரல் 4,096 பைட்டு கேட்கிறது என்று கொள்வோம். டிஎல்எஸ்-ஐ நிறைவேற்றும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகம் முழுப் பதிவையும் கருனியிடமிருந்து பெற்று, மறைநீக்கி, கேட்ட அளவை மட்டும் தருகிறது. எஞ்சிய 12,288 பைட்டு அதன் இடையகத்திலேயே தங்கிவிடுகிறது. கருனியின் கணக்கில் அவ்விணைப்பு வெறுமை; ஆதலால் அறிவிப்பும் இல்லை. நிரல் துயில்கிறது, மறுமுனை விடைக்குக் காத்திருக்கிறது. பிழைச்செய்தி ஏதும் எழாமையால் இதனைப் பிணையத்தின் மந்தம் என்று எழுதி மூடிவிடுவோர் பலர். குறுஞ்செய்திகளைக் கொண்டே சோதித்தவர்க்கோ இக்குறை தோன்றவே தோன்றாது.

துயிலுமுன் இடையகத்தில் எச்சம் உண்டா என வினவுதல் வேண்டும். தீரும்வரை படிப்பதும் ஒரு வழியே. ஆயினும் ஓயாது தரவு அனுப்பும் ஓர் இணைப்பு ஏனையவற்றைப் பட்டினி போடும்.

இதன் மறுதலையும் உண்டு. டிஎல்எஸ்-இன் பழைய பதிப்புகளில், மறையாக்க அமைவை நடுவே மீண்டும் பேசி முடிவுசெய்யும் மறுபேச்சு நிகழும்போது, எழுத முயன்ற நிரலிடம் ஓப்பன்எஸ்எஸ்எல் “முதலில் படிக்க வேண்டும்” என்னும். அதனைக் கேளாது எழுதும் நிகழ்வையே நாடினால், இணைப்பு எழுதத்தக்கதாகவே இருப்பதால் அறிவிப்பு ஓயாது வர, செயலி வீணே சுழலும். 2018-இல் வந்த டிஎல்எஸ் 1.3 மறுபேச்சை ஒழித்தது.

இணைப்பு உறைவது எதனால் என்னும் ஐயம் தீர்க்க, முதலில் லிப்ஈவென்டின் சூழல்மாறி ஒன்றால் ஈபோலை அணைத்து வேறு முறையில் இயக்குக. அப்போதும் இணைப்பு உறைந்தால் குறை அறிவிப்பு முறையில் இருப்பது ஐயமே. அடுத்து, நிரல் கருனியை அழைப்பதைக் காட்டும் ஸ்ட்ரேஸ் கருவியால் நோக்குக. ஏஇஎஸ்-ஜிசிஎம் மறையாக்கத்துடன் டிஎல்எஸ் 1.3 எனில், முழுப் பதிவொன்று 5 பைட்டுத் தலைப்பாகவும் 16,401 பைட்டு உடலாகவும் படிக்கப்படும். அதனையடுத்து நிரல் நேரே துயிலச் சென்றிருந்தால், கேட்ட அளவு எவ்வளவு என்று அதன் மூலநிரலில் தேடுக.