இரட்டைத் தலைப் பறவையும் நம் பிள்ளைகளின் சான்றிதழும்

(மார்டள்ளியில் இருந்து நமது செய்தியாளர்)

மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பக்தர்களில் பலருக்கு மார்டள்ளி என்ற பெயர் தெரிந்திருக்கும். ஹனூர் தாலுகாவில் உள்ள இந்த ஊரில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம், வேலை தேடும்போது ஆங்கிலம் என்று மூன்று மொழிகளோடு வாழ்கிறவர்கள் இவர்கள்.

இந்த வட்டாரத்துக்கு ஒரு விசித்திரம் உண்டு. வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. கிணறும் வயலும் நகரவில்லை. ஆனால் பட்டம் பெறும் பிள்ளையின் சான்றிதழ் உச்சியில் அச்சாகும் சின்னம் மட்டும் இரண்டு முறை மாறிவிட்டது!

அது எப்படி? அதனால் நமக்கு என்ன? பார்ப்போம்.

மூன்று சின்னங்கள்

1956-ம் ஆண்டு வரை கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டத்தில், சென்னை மாகாணத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துப் பிள்ளை கோவைக்குப் போய் இண்டர்மீடியட்டோ, பி.ஏ.யோ படித்தால் சென்னைப் பல்கலைக் கழகம்தான் பட்டம் கொடுக்கும்.

1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. கொள்ளேகால் மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்தது. அன்று முதல் பட்டம் என்றால் மைசூர்ப் பல்கலைக் கழகம் என்று ஆயிற்று.

1997-ல் மைசூர் மாவட்டத்தில் இருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தது. 2022-ல் கர்நாடக அரசு சட்டம் இயற்றிப் பல புதிய பல்கலைக் கழகங்களை உண்டாக்கியது. அவற்றில் ஒன்றான சாமராஜநகர் பல்கலைக் கழகம் 2023-ல் தொடங்கப்பட்டது.

ஆக, ஒரே வீட்டில் தாத்தா, மகன், பேத்தி மூவரும் பட்டதாரிகள் என்று வைத்துக் கொள்வோம். மூன்று சான்றிதழ்களையும் ஒரே பெட்டியில் வைத்தால், மூன்று ராஜாக்களின் பிரஜைகள் போலத் தெரிவார்கள்.

புலி, யானை, தாமரை

தாத்தாவின் சான்றிதழில் உள்ள சென்னைப் பல்கலைக் கழகச் சின்னத்தைக் கவனியுங்கள். 1857-ல் தோன்றிய பழைய பல்கலைக் கழகம் அது. கேடயத்தின் வெள்ளைப் பரப்பில் பச்சை மேட்டின் மீது நடந்து செல்லும் புலி. மேலே கறுப்புப் பட்டையில் இரண்டு யானைத் தலைகள். நடுவே தங்க நிறப் பின்னணியில் தாமரை. அடியில் லத்தீன் மொழியில் ஒரு வாசகம். உள்ளே இருக்கும் ஆற்றலைக் கல்வி வளர்க்கிறது என்பது அதன் கருத்து.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்தச் சின்னம் படமாக மட்டும் அல்ல, சொற்களாலும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. எந்த விலங்கு, எந்தப் பக்கம், எந்த நிறம் என்பதெல்லாம் எழுத்தில் உள்ளது. ஐரோப்பிய நாடுகளில் பிரபுக் குடும்பங்களின் கேடயச் சின்னங்களை எழுதி வைக்கும் முறை இது. ஓவியர் மாறலாம், அச்சகம் மாறலாம். எழுதியதைப் படித்துப் பார்த்தால் அதே சின்னத்தை மறுபடி வரைந்து விடலாம். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், ஒரு நிறுவனத்தின் முகம் மாறாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இதுதான்.

கண்டபேருண்டம்

மகனின் சான்றிதழுக்கு வருவோம். மைசூர்ப் பல்கலைக் கழகம் 1916-ம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி தொடங்கப்பட்டது. மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலம். திவான் விசுவேசுவரய்யா. ஆங்கிலேயரின் நேரடி ஆட்சிக்கு வெளியே, சமஸ்தானம் ஒன்றில் பிறந்த முதல் பல்கலைக் கழகம் இது.

அதன் சின்னத்தில் நடுவே நிற்பது கண்டபேருண்டம் என்னும் இரட்டைத் தலைப் பறவை. இரு பக்கமும் யானையும் சிங்கமும் கலந்த சரபம். உச்சியில் சிங்கம். அடியில் இரண்டு வாசகங்கள். அறிவுக்கு நிகரானது இல்லை என்பது ஒன்றின் பொருள். இது கீதையில் இருந்து எடுத்தது. உண்மையை என்றும் காப்பேன் என்பது மற்றொன்றின் பொருள்.

இந்தப் பறவை நமக்கு அன்னியம் அல்ல. சங்கப் பாடலிலேயே இருதலைப் பறவை உவமையாக வருகிறது. விஜயநகர மன்னர் அச்சுததேவராயரின் காசுகளில் கண்டபேருண்டம் இருக்கிறது. உடையார் அரச குடும்பம் அதைத் தன் சின்னமாக வைத்துக் கொண்டது.

சிக்கலும் இங்கேதான் ஆரம்பம். கர்நாடக அரசின் சின்னத்திலும் கண்டபேருண்டம் உண்டு. சிவப்புக் கேடயத்தில் பறவை, இரு பக்கமும் யானைச் சிங்கம், உச்சியில் அசோகச் சிங்கங்கள். அரசாங்க பஸ்சிலும் இதே பறவையைப் பார்க்கிறோம். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் எது அரசு, எது பல்கலைக் கழகம், எது போக்குவரத்துக் கழகம் என்று பிரித்துச் சொல்வது கடினம். பறவை ஒன்றேயானாலும் கேடயம், நிறம், வாசகம், எழுத்து இவைதான் அடையாளத்தைப் பிரித்துக் காட்டுகின்றன. அவற்றில் ஒன்று பிசகினாலும் குழப்பம்தான்.

எப்படிக் கெடுகிறது?

ஒரு பல்கலைக் கழகத்தில் பல துறைகள், பல கல்லூரிகள், விடுதிகள், தேர்வுப் பிரிவு, நூலகம் எல்லாம் இருக்கும். ஒவ்வொரு இடத்திலும் லெட்டர்பேடு அடிக்கிறார்கள், பெயர்ப் பலகை எழுதுகிறார்கள், விழாவுக்குப் பேனர் கட்டுகிறார்கள். மூலப் படம் கைவசம் இருக்காது. பழைய அழைப்பிதழ் ஒன்றைக் கொண்டு போய் டி.டி.பி. கடையில் கொடுப்பார்கள். கடைக்காரர் அதை நகல் எடுப்பார். இடம் போதவில்லை என்றால் பக்கவாட்டில் இழுப்பார், பறவை பருத்துவிடும். உயரம் வேண்டும் என்றால் மேலே இழுப்பார்; பறவை கொக்காகிவிடும். அடியில் உள்ள வாசகம் வெறும் புள்ளிகளாகிவிடும். தங்க நிறம் மஞ்சளாகி, மஞ்சள் காவியாகும்.

ஒருவர் செய்தது சிறு பிழைதான். அந்தப் பிழையை அடுத்தவர் நகல் எடுக்கிறார். பத்து ஆண்டில் ஒரே பல்கலைக் கழகத்துக்குப் பத்து முகங்கள்!

இதைத் தடுக்க உலகம் முழுவதும் பல்கலைக் கழகங்கள் ஒரு கையேடு வைத்திருக்கின்றன. சின்னத்தின் மூலப் படம் ஒன்றே. எந்த அளவுக்குக் கீழே அதைச் சிறிதாக்கக் கூடாது, சுற்றிலும் எவ்வளவு வெற்றிடம் விட வேண்டும், நிறத்தின் எண் என்ன, கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் எப்படி இருக்க வேண்டும், இணைப்புக் கல்லூரிகள் அதைப் பயன்படுத்தலாமா என்பதெல்லாம் அதில் இருக்கும். பெயிண்ட் கடையில் நிற அட்டையைப் பார்த்து எண்ணைச் சொன்னால், எந்த ஊரிலும் அதே நிறம் கிடைக்கிறது அல்லவா? அதே முறைதான்.

நமக்குப் பழக்கமான உதாரணம் ரெயில் நிலையப் பெயர்ப் பலகை. மைசூரில் பார்த்தாலும் ஜோலார்பேட்டையில் பார்த்தாலும் மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து. மொழி மாறும், பலகை மாறாது. தூக்கக் கலக்கத்தில் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறவருக்குக்கூட அது ஸ்டேஷன் பலகை என்று தெரிகிறது. விதியை எழுதி வைத்து, ஊருக்கு ஊர் அதன்படி நடப்பதால் கிடைத்த பலன் அது.

பெயரும் ஒரு சின்னம்தான்

அடையாளம் என்பது படம் மட்டும் அல்ல. மைசூர்ப் பல்கலைக் கழகத்தின் வளாகத்துக்கு மானச கங்கோத்திரி என்று பெயர் வைத்தவர் கவிஞர் குவெம்பு. 1956 முதல் 1960 வரை அவர் துணைவேந்தராக இருந்தார். அந்தப் பெயர் பிள்ளை குட்டிகளோடு பெருகியது. மங்களூரில் மங்கள கங்கோத்திரி, ஹாசனில் ஹேம கங்கோத்திரி, சாமராஜநகரில் சுவர்ண கங்கோத்திரி, மைசூரில் உள்ள திறந்தவெளிப் பல்கலைக் கழகத்துக்கு முக்த கங்கோத்திரி. பெயரைக் கேட்டதுமே, இது மைசூர்க் குடும்பம் என்று புரிந்து விடுகிறது. பைசா செலவில்லாமல் கிடைத்த அடையாளம்!

ஊர்ப் பெயர்கள் மாறியபோதும் இதே நிதானம் காட்டப்பட்டது. 2014-ல் ஆங்கிலத்திலும் மைசூரு என்று ஊரின் பெயர் மாறியது. பல்கலைக் கழகம் ஆங்கிலத்தில் ‘யூனிவர்சிட்டி ஆப் மைசூர்’ என்றே தொடர்கிறது. 1996-ல் மெட்ராஸ் சென்னையானது. பல்கலைக் கழகம் ஆங்கிலத்தில் மெட்ராசாகவே இருக்கிறது. பழைய பட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

அவசரமாக மாற்றினால்...

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக் கழகம் 2012-ல் நவீனமாக ஒரு லோகோவை வெளியிட்டது. பழைய மாணவர்களும் இன்றைய மாணவர்களும் கொதித்துவிட்டார்கள். 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். டிசம்பர் மாதமே புதிய லோகோ நிறுத்தி வைக்கப்பட்டது.

நம் நாட்டிலும் நடந்தது. அகமதாபாத் ஐ.ஐ.எம். நிறுவனத்தின் சின்னம், அந்த நகரத்து சிதி சையத் மசூதியின் கல் ஜன்னல் வேலைப்பாட்டைத் தழுவியது. அதை மாற்றும் யோசனை 2022-ல் வந்தபோது, தங்களைக் கேட்கவில்லை என்று ஆசிரியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

படித்தவர்கள் ஒரு படத்துக்காகவா சண்டை போடுவது என்று கேட்கலாம். பட்டதாரிக்கு அந்தப் படம் தன் உழைப்புக்குக் கிடைத்த அத்தாட்சி. அதை மாற்றுகிறவர்கள் அவரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

சின்னம் சரி, இடம் தவறு

சின்னத்தை ஒரே மாதிரி அச்சிட்டால் மட்டும் போதுமா? போதாது. அதற்கு ஒரு கசப்பான பாடம் மைசூரிலேயே உண்டு.

மைசூர்ப் பல்கலைக் கழகத்தின் அஞ்சல் வழிக் கல்விப் பிரிவே 1996-ல் கர்நாடக மாநிலத் திறந்தவெளிப் பல்கலைக் கழகமாக ஆனது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் எல்லை தாண்டிப் படிப்பு மையங்கள் நடத்தியது உள்ளிட்ட விதிமீறல்களைக் காரணம் காட்டி, 2013-14 கல்வி ஆண்டில் இருந்து அங்கீகாரம் இல்லை என்று 2015-ல் பல்கலைக் கழக மானியக் குழு அறிவித்தது. 2018-ல்தான் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. இடையில் படித்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அந்த மையங்களின் பலகையில் இருந்த சின்னம் போலி அல்ல. அது தொங்கிய இடம்தான் பிரச்சினை. ஆகவே சின்னத்தைக் காப்பது என்றால், அது எங்கே எவர் கையில் இருக்கிறது என்று கண்காணிப்பதும் அதில் சேர்ந்ததே.

புதிய பல்கலைக் கழகத்தின் கதி

பேத்தியின் சான்றிதழுக்கு வருவோம். சாமராஜநகர் பல்கலைக் கழகம் பிறந்து இரண்டு ஆண்டு முடிவதற்குள், 2025-ல், மாநில அமைச்சரவைத் துணைக்குழு ஒன்று புதிய பல்கலைக் கழகங்களில் பலவற்றை மூடிவிட்டுப் பழையவற்றுடன் இணைக்கலாம் என்று யோசனை கூறியது. பணமும் ஆளும் போதவில்லை என்பது காரணம். சாமராஜநகர் பெயரும் அதில் அடிபட்டது.

மலையோரத்துப் பிள்ளைகளுக்கு மைசூர் தூரம்; சாமராஜநகர் கொஞ்சம் பக்கம். ஒரு சிறு திருத்தம் வேண்டும் என்றால்கூட மைசூருக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். எனவே பக்கத்தில் பல்கலைக் கழகம் இருப்பது நல்லதுதான். ஆனால் வேலை கொடுப்பவருக்குத் தெரிந்தது நூறு ஆண்டு பழகிய கண்டபேருண்டம். புதிய சின்னத்தைப் பார்த்து, ‘இது எந்த யூனிவர்சிட்டி?’ என்று திருப்பூரிலோ பெங்களூரிலோ ஒரு கிளார்க் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவள் அந்தப் பெண். ஒரு சின்னத்துக்கு மதிப்பு ஏற ஆண்டுகள் பல ஆகும். அடிக்கடி மாற்றினால் அந்தக் கணக்கு ஒவ்வொரு தடவையும் ஒன்றில் இருந்து ஆரம்பிக்கும்.

அரசாங்கம் எதை வேண்டுமானாலும் முடிவு செய்யட்டும். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தக் கல்லூரி, எந்தப் பெயரில், எந்தச் சின்னத்தோடு பட்டம் கொடுத்தது என்று ஒரு பக்கம் அச்சிட்டு எல்லா அலுவலகங்களுக்கும் அனுப்பினால், பாதித் தொல்லை தீரும்.

நாம் செய்ய வேண்டியது

பல்கலைக் கழகம் என்ற பெயரைச் சட்டப்படி அமைந்தவை மட்டுமே போட்டுக்கொள்ளலாம் என்கிறது 1956-ம் ஆண்டு மானியக் குழுச் சட்டம். போலிப் பல்கலைக் கழகங்களின் பட்டியலை மானியக் குழு வெளியிடுகிறது. பணம் கட்டும் முன் அதைப் பாருங்கள். சின்னம் பளபளப்பாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். போலி ஆசாமிதான் எப்போதும் பளபளப்பாக அச்சடிப்பான்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் பெயர், பதிவு எண், ஆண்டு மூன்றையும் சரிபாருங்கள். கன்னடத்தில் ஒரு மாதிரியும் ஆங்கிலத்தில் ஒரு மாதிரியும் பெயர் இருந்தால் உடனே திருத்தம் கேளுங்கள். லாமினேஷன் செய்யாதீர்கள், முத்திரையைத் தடவிப் பார்க்க முடியாமல் போகும். சந்தேகம் வந்தால் தேர்வு ரிஜிஸ்திராருக்கு எழுதி, உண்மைத்தன்மைச் சான்று பெறலாம். டிஜிலாக்கரில் கிடைக்கிறதா என்றும் பார்த்து வைத்துக் கொள்ளுங்கள்.

பழைய சான்றிதழில் இருக்கும் சின்னம் இப்போது இல்லையே என்று பயப்பட வேண்டாம். கொடுத்த நாளில் அது சட்டப்படி செல்லுபடியானது என்றால், இன்றும் செல்லும். மார்டள்ளித் தாத்தாவின் புலிக்கும், மகனின் இரட்டைத் தலைப் பறவைக்கும், பேத்தியின் புதிய சின்னத்துக்கும் மரியாதை ஒன்றே.