அணுக்கள் சேர்ந்து ஒளிர்ந்தால்...

பழனி மலைத்தொடரிலுள்ள கொடைக்கானல் வானாய்வகத்தில் 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் சூரியப்புள்ளியொன்றின் நிறமாலையைப் படமெடுத்தார். கோடுகள் சற்றே இடம் பெயர்ந்திருந்தன. நம்மை நோக்கி வரும் அணுவின் கோடு நீலப்பக்கமும், விலகும் அணுவின் கோடு சிவப்புப்பக்கமும் நகரும் அல்லவா? புள்ளியின் ஓரப்பகுதியில் வாயு வினாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் வெளிநோக்கிப் பாய்கிறது என அவர் கண்டார்.

சூரியனில் ஒவ்வோர் அணுவும் தன் போக்கில் ஒளி விடுகிறது. சந்தை இரைச்சலைப் போல! ஆனால் விண்வெளியின் சில இடங்களில் கூட்டுப்பாட்டும் உண்டு. 1965இல் ஓரியன் நெபுலாவிலிருந்து 18 சென்டிமீட்டர் அலைநீளத்தில் மிக வலிய ரேடியோக் கோடு கிடைத்தது. (ரேடியோ அலையும் கண்ணுக்குப் புலப்படாத ஒளியே.) திகைத்துப்போன அமெரிக்க வானியலார் அதற்கு 'மிஸ்டீரியம்' என்றே பெயரிட்டனர். அனுப்பியது வேறொன்றுமில்லை, ஹைட்ராக்சில் மூலக்கூறுதான்.

ஆற்றல் மிகுந்த நிலையிலுள்ள மூலக்கூறுகள் பெரும்பான்மையாக இருந்தால், கடந்து செல்லும் அலை அவற்றையும் அதே அலைநீளத்தில், அதே திசையில் கதிர்விடத் தூண்டும். அலை வழிநெடுகப் பெருகும். இதுவே மேசர். ஆனால் வழியிலுள்ளவை ஏறத்தாழ ஒரே வேகத்தில் செல்ல வேண்டும். வேகம் மாறினால், எவர்ஷெட் கண்டதுபோல் அலைநீளமும் விலகும், தூண்டுதல் பலிக்காது.

1989இல் எம்.டபிள்யூ.சி. 349 என்னும் விண்மீனைச் சுற்றி ஹைட்ரஜன் அணுக்களே மேசராகக் கதிர்விடுவதும் தெரியவந்தது.