பாய்ச்சலா, தடுப்பா?

புள்ளிகளைக் குவிப்பவர்களுக்குப் புகழ், தடுப்பவர்களுக்குக் கோப்பை என்பது அமெரிக்கக் கால்பந்தின் பழைய நம்பிக்கை. அது பாதிதான் உண்மை.

2014 பிப்ரவரி 2, நியூஜெர்சி. சூப்பர் பௌல் இறுதிப் போட்டி தொடங்கி 12 விநாடிதான் ஆகியிருந்தது. டென்வர் பிராங்கோஸ் அணியின் குவார்ட்டர்பேக் பேய்டன் மேனிங் தயாராகும் முன்பே, பின்னால் தள்ளப்பட்ட பந்து அவரைத் தாண்டிப் பறந்து சொந்த எல்லைக்குள் விழுந்தது. சியாட்டில் சீஹாக்ஸுக்கு இனாமாக 2 புள்ளிகள். அந்த சீசனில் டென்வர் குவித்திருந்த புள்ளிகள் 606. என்.எஃப்.எல். லீகில் அதுவரை எந்த அணியும் தொடாத உயரம். சியாட்டிலோ மிகக் குறைவான புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணி. கோப்பை யாருக்கு? 43-8 என்று சியாட்டிலுக்கு.

பெயர்தான் கால்பந்து. பந்து பெரும்பாலும் இருப்பது கையில்தான். நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். தாக்குவதற்கு 11 பேர்; தடுப்பதற்கு வேறு 11 பேர். பந்து கைமாறியதும் ஒரு கூட்டம் வெளியேற, இன்னொரு கூட்டம் களமிறங்கும்.

எனவே எந்தக் கூட்டம் முக்கியம் என்பது வெறும் திண்ணைப் பேச்சு அல்ல. பணப் பிரச்னை. 1994 முதல் லீகில் சம்பள உச்சவரம்பு அமலில் இருக்கிறது. அந்த ஆண்டு ஓர் அணிக்கு 3.46 கோடி டாலர், 2025-ல் 27.92 கோடி டாலர். ஒரு பக்கம் அள்ளிக் கொடுத்தால் மறுபக்கம் கையைக் கடிக்கும்.

தடுப்புக் கட்சிக்காரர்களுக்குப் பிடித்த உதாரணம் பால்டிமோர் ரேவன்ஸ். 2000 அக்டோபரில் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் அந்த அணி ஒரு டச்டவுன்கூடப் போடவில்லை. அப்படியும் அவற்றில் இரண்டை வென்றது! சீசனின் 16 ஆட்டங்களில் விட்டுக்கொடுத்தது வெறும் 165 புள்ளிகள். 2001 ஜனவரியில் நியூயார்க் ஜயன்ட்ஸை 34-7 என்று நசுக்கிக் கோப்பையைத் தூக்கியது.

ஆனால் விதிகள் தாக்குபவர்கள் பக்கம் சாய்ந்து பல காலம் ஆகிறது. பந்தைப் பிடிக்க ஓடுபவரை ஐந்து கெஜத்துக்கு அப்பால் இடிக்கக்கூடாது என்று 1978-ல் தடை வந்தது. பந்து வீசுவது சுலபமாயிற்று. 1999-ல் 526 புள்ளிகள் குவித்த செயின்ட் லூயிஸ் ராம்ஸ் கோப்பையும் வென்றது. 2018 இறுதிப் போட்டியில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸின் டாம் பிரேடி 505 கெஜத்துக்குப் பந்து வீசியும், பிலடெல்பியா ஈகிள்ஸிடம் 41-33 என்று தோற்றார். புள்ளி மழையில் தடுப்பே காணாமல் போன ஆட்டம் என்று தோன்றும்.

அங்கேதான் சூட்சுமம். ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்களுக்குச் சற்று மேல் இருந்தபோது, ஈகிள்ஸின் பிராண்டன் கிரஹாம் பாய்ந்து பிரேடியின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டார். அன்று குவார்ட்டர்பேக் பந்தோடு மடக்கப்பட்டது அந்த ஒரே முறைதான். கோப்பையைத் தீர்மானித்ததும் அதுதான்.

2008-லும் இதே கதை. 18 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று வந்த பேட்ரியாட்ஸை ஜயன்ட்ஸ் 17-14 என்று வீழ்த்தியபோது, பிரேடி ஐந்து முறை மடக்கப்பட்டார். 2025-ல் கான்சஸ் சிட்டி சீஃப்ஸின் பேட்ரிக் மஹோம்ஸ் ஆறு முறை சிக்கினார். ஈகிள்ஸ் 40-22 என்று வென்றது. அன்று ஈகிள்ஸ் கூடுதல் ஆள் யாரையும் அனுப்பவில்லை. முன்வரிசையின் நான்கு பேரே போதுமானதாக இருந்தது. நான்கு பேர் குவார்ட்டர்பேக்கை நெருக்கினால், மீதி ஏழு பேர் பந்தைப் பிடிக்க ஓடுபவர்களை மறித்துக்கொள்ளலாம். இறுதிப் போட்டி வரை அழைத்துவரத் தாக்குதல் வேண்டும். அங்கே எதிரணியின் ஒற்றை மனிதரை நிலைகுலையச் செய்ய இந்த நால்வர் வேண்டும்.

இதன் விலை என்ன என்று டல்லஸ் கௌபாய்ஸைக் கேட்கலாம். 2024-ல் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டுக்கு ஆண்டுக்குச் சராசரி 6 கோடி டாலர் தர அது ஒப்புக்கொண்டது. அடுத்த ஆகஸ்டில், குவார்ட்டர்பேக்குகளை வேட்டையாடும் மைக்கா பார்சன்ஸுடன் சம்பளத் தகராறு முற்றியது. அவரைக் கிரீன் பே பேக்கர்ஸுக்குக் கைமாற்றியது டல்லஸ். அங்கே அவருக்கு ஆண்டுக்குச் சராசரி 4.7 கோடி டாலர். குவார்ட்டர்பேக் அல்லாத எவரும் அதுவரை பெறாத தொகை.

டல்லஸ் கடைசியாகக் கோப்பையைத் தொட்டது 1996 ஜனவரியில்.