படகுத் தூண்டிலுக்கு ஏற்ற ரீல்

தூண்டில் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது மூங்கில் கழியும் மண்புழுவுமே. ரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கும் சென்ற வைகாசி வரையில் அவ்வளவே தெரியும். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் குடியிருக்கும் நம் இளவலைக் காண விடுப்பெடுத்துச் சென்றிருந்தோம். அவன் நம்மை ரட்லண்ட் நீர்த்தேக்கத்துக்கு அழைத்துச் சென்றான். 1970களில் எம்பிங்காம் கிராமத்தருகே அணைகட்டி உண்டாக்கிய பெரிய ஏரி அது. அதில் டிரௌட் மீன்களை விட்டு வளர்க்கிறார்கள்.

இரை, இறகும் நூலும் சுற்றிய போலி ஈ. அதற்கு எடையில்லை, எறிவதற்கான எடை தடித்த தூண்டில் நூலில் இருக்கிறது. மீன் எந்த ஆழத்தில் நிற்கிறதோ அதற்கேற்ற நூல் வேண்டும். காலையில் பூச்சிகள் நீர்மேல் எழுந்தன. மிதக்கும் நூலில் இரண்டு மீன்கள் தொட்டு நழுவின. வெயில் ஏறியதும் மீன்கள் கீழிறங்கிவிட்டன. அண்டைப் படகினர் மூழ்கும் நூலுக்கு மாறி மீன் பிடித்தனர். இளவலிடமோ ஒரே நூல். வாரமெல்லாம் கைப்பேசியே கதியென்று கிடக்கும் அவனுடைய பத்து வயது மகன் தகப்பனோடு மனம்விட்டுப் பேசுவது அப்படகில் மட்டுமே. "இனி நான் வரமாட்டேன்" என்று கரையேறும்போது சொல்லிவிட்டான்.

அன்றிரவு, "அண்ணா, இன்னும் மூன்று ரீல் வாங்கினால் வீட்டில் கணக்குக் கேட்பாள்" என்றான் இளவல். காசெட் ரீல் இத்தகையோர்க்கே உரியது. எஞ்சின் ஒன்று, பெட்டிகள் பல என்பதுபோல, கைப்பிடியுள்ள சட்டம் ஒன்றே; நூல் சுற்றிய பிளாஸ்டிக் உருளைகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். உருளையின் விலை சொற்பம்.

மறுநாள் கடையில் வெகுநேரம் நின்றோம். முதலில் பார்த்தது, உருளை ஆட்டமின்றிப் பொருந்துகிறதா என்பது. சட்டத்துக்கும் உருளையின் விளிம்புக்கும் இடைவெளி இருந்தால் முனையிலுள்ள மெல்லிய நரம்பு உள்ளே நுழைந்து சிக்கும். இதற்கு முன் மலிவாக வாங்கிய ஒன்றில் இளவல் பட்ட பாடு அதுதான். ஆடும் படகில் கழற்ற வேண்டியதாகையால் எளிதில் கழலவும் வேண்டும். 30 முதல் 40 கெஜம் நூலும், அதனடியில் 50 கெஜம் துணைநூலும் கொள்ள வேண்டும். துணைநூலை முறுக்கிச் சுற்றினால் பிளாஸ்டிக் பிதுங்கிச் சட்டத்தில் ஏறாது. ஒரு கம்பெனி உருளை மற்றொன்றின் சட்டத்தில் பொருந்தாதாகையால், தனி உருளைகள் பின்னாளில் கிடைக்குமா என்றும் கேட்டுக்கொண்டோம். பிரேக்கின் வலிமைக்காக அதிகம் கொடுப்பது வீண் என்பது நம் அபிப்பிராயம். இரண்டு மூன்று பவுண்டு மீனை உள்ளங்கையால் விளிம்பைத் தொட்டே அடக்கலாம். பிரேக் வழுக்காமல் சீராக விட்டால் போதும்.

நொடிக்கு 3 அங்குலம் மூழ்கும் நூல், 20 எண்ணுவதற்குள் 5 அடி இறங்கும்; 7 அங்குலம் மூழ்குவது ஏறக்குறைய 12 அடி. மிதப்பதோடு இவ்விரண்டையும் வாங்கினான். ஒன்று சொல்ல வேண்டும்: உருளையை மாற்றியதும் வேலை தீராது. நரம்பைக் கழி வளையங்களில் மறுபடி கோத்து, ஈக்களைக் கட்ட வேண்டும். காசெட் மிச்சப்படுத்துவது பணத்தை, நேரத்தையன்று.

மூழ்கும் நூல்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் உருளைகளுக்குப் பெயர் ஒட்டினோம். பையன் தானே முன்வந்து, மிதப்பு, இடை, ஆழம் என்று தமிழில் எழுதினான். 'ழ'கரத்தை மூன்று முறை அடித்து எழுத நேர்ந்தது. அடுத்த சனிக்கிழமை நாம் விமான நிலையத்துக்குப் புறப்படுமுன், தகப்பனும் மகனும் ஏரிக்குக் கிளம்பிவிட்டார்கள்.